ஓடக்காரன் திக்கிய இடம்

பிஸ்மில்லாஹ் சொல்லாமல் நான் அச்சுக்குக் கோத்த ஒரு பாரத்தையும் மெஷினில் ஏற்ற விட்டதில்லை. இந்தக் கட்டுரையையும் அந்தப் பெயரைக் கொண்டே தொடங்குகிறேன்.

அச்சகங்களில் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். இலக்கணம் சொல்லித்தர எனக்கு வராது. கல்முனையில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தேன், அவ்வளவுதான். அந்த வேலை தந்த நினைவுகளில் ஒன்று மட்டும் எனக்குக் கனவு மாதிரி அடிக்கடி வந்து போகும். அது ஓர் ஓடக்காரனைப் பற்றியது. அவன் உயிரோடு இருந்தவன் அல்லன். ஒரு கிஸ்ஸாவில் இருந்தவன். கிஸ்ஸா என்றால் நம் வீடுகளில் பெண்களும் ஆண்களும் கூடியிருந்து இராகம் போட்டுப் படிக்கிற பாட்டுக் கதை.

எங்கள் அச்சகம் கடலுக்குப் போகும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. மெஷின் ஓடும்போது வேறொன்றும் கேட்காது. அது நின்ற உடனே கடல் கேட்கும். மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தால், மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசத்துக்குள் உப்புக் காற்று புகுந்து கண்ணைச் சொருக வைக்கும். அந்த நேரங்களில் ஈய எழுத்துக்கள் கோக்கிற ஸ்டிக்கில் விழுகிற சத்தம் யாரோ தூரத்தில் தஸ்பீஹ் மணி உருட்டுவது போல இருக்கும்.

எழுத்துக் கோத்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஒருவர். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்டோம். காலையில் நெற்றியில் திருநீற்றோடு வருவார். பின்னேரம் அதில் பாதி மையாக மாறியிருக்கும். மௌலூது, முனாஜாத்து என்று நாங்கள் அடித்த மார்க்கப் பாட்டெல்லாம் அவர் கையால் கோத்தவைதான். சத்தம் போட்டுப் பேசமாட்டார். யாருடைய மனமும் நோகக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்துப்போன பிறகு வந்த வருடங்களில் ஒன்று. சாய்ந்தமருதில் அரிசி ஆலை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் ஒரு கைப்பிரதியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். அவருடைய பாட்டனாரான மூத்தவாப்பாவின் காலத்துக் கிஸ்ஸா. அரபுத் தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில் எழுதியது. சூறாவளியில் கூரை போனபோது நனைந்து, ஓரமெல்லாம் தேயிலைச் சாயம் போலக் கறுத்திருந்தது.

"இன்னொருக்காக் காத்தடிச்சா இது மிஞ்சாது. மகள்ட கலியாணத்துக்கு அச்சடிச்சு வாற ஆக்களுக்குக் குடுப்பம் எண்டு நிய்யத்து வெச்சிட்டன்" என்றார்.

எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். ஆனால் அந்தப் பழைய கையெழுத்து பிடிபடவில்லை. அண்ணனுக்கு அரபெழுத்தே தெரியாது. அதை வாசித்துச் சொல்ல ஹாஜியார் ஓர் ஆளை அனுப்பினார். அவர்தான் இஸ்மாலெவ்வை. ஹாஜியாரின் மகளுக்கு மாப்பிள்ளையாக வரப்போகிறவரும் அவர்தான்.

இஸ்மாலெவ்வை கிஸ்ஸா படித்தால் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள். ஹாஜியார் அவரை மாப்பிள்ளையாக எடுத்ததே அந்தக் குரலில் மயங்கித்தான். ஆனால் கதைக்கத் தொடங்கினால் அவருக்கு நாக்குக் கட்டிக்கொள்ளும். திக்குவாய். ஊரில் 'கொன்னை' என்று ஒரு பட்டமும் இருந்தது. இராகத்தில் ஏறிவிட்டால் ஒரு தடங்கலும் வராது. இராகத்தை விட்டு இறங்கினால் ஒவ்வொரு சொல்லின் வாசலிலும் நின்று தட்டவேண்டும். அல்லாஹ் சிலருக்கு அப்படி வைத்திருக்கிறான்.

அச்சகத்தில் இராகம் போட்டுப் படிக்க முடியாது. கோக்கிறவரின் கை பின்தொடர வேண்டுமே. அதனால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "க... க... கடல்" என்பார். அண்ணன் 'கடல்' என்று கோத்துவிட்டு, தலை நிமிராமல் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். வேர்வை வழிய வழிய இஸ்மாலெவ்வை வாசித்தார். நான் பக்கத்தில் இருந்து கோத்ததை அடுக்கும் 'காலி' தட்டிலிருந்து எடுத்த புரூப்பைப் பார்த்தேன். அவசரப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை. அந்த நாட்கள் தூக்கத்தில் நடக்கிற மாதிரிப் போயின.

நான் அதுவரை எத்தனையோ பழைய கிஸ்ஸாக்களுக்குப் புரூப் பார்த்திருந்தேன். அவற்றில் வாய் பேசாதவர்கள் நிறைய வருவார்கள். ஊமை அரசகுமாரி வருவாள். கடைசிப் பாட்டில் ஒரு பெரியவர் துஆக் கேட்க, அவள் குயில் போலப் பேசிவிடுவாள். திக்குவாயன் வந்தால் அவன் அநேகமாகக் காவற்காரனாகவோ சமையற்காரனாகவோ இருப்பான். சபை சிரிப்பதற்காக அவனை நாலு வரி பேச வைத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பேச்சு சரியில்லாத ஒருவரை, ஒன்று சுகமாக்க வேண்டும், அல்லது சிரிக்க வேண்டும். பழைய புலவர்களுக்கு மூன்றாவது வழி தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

இந்தக் கிஸ்ஸாவின் கதை இதுதான். கப்பல் உடைந்து கடலில் விழுந்த ஓர் அரசகுமாரியை ஓர் ஓடக்காரன் கரை சேர்க்கிறான். அவளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு ஊருக்குச் செய்தி சொல்ல வருகிறான். அவன் கையில் அவளுடைய வளையல் இருப்பதைக் கண்டு, கொன்றவன் இவன்தான் என்று பிடித்துவிடுகிறார்கள். நியாயம் விசாரிக்கும் காதியார் மணற்குடுவையை வைத்து, மணல் வடிந்து முடிவதற்குள் நடந்ததைச் சொல், இல்லையென்றால் தலை போகும் என்கிறார். ஓடக்காரன் சொல்கிறான். மணல் முடியப் போகிறது. காதியார் எழுந்து குடுவையைத் தலைகீழாகத் திருப்பி வைக்கிறார். மறுபடியும் முடியப் போகிறது. மறுபடியும் திருப்பி வைக்கிறார்.

புரூப்பில் அந்த இடம் எனக்கு விளங்கவில்லை. ஓடக்காரன் ஓடுகிற தண்ணீர் மாதிரி நாலே வரியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கிறான். பிறகு காதியார் ஏன் குடுவையைத் திருப்ப வேண்டும்?

அண்ணனிடம் கேட்டேன். "அந்தக் காலத்துப் புலவருக்கு என்ன கணக்கோ தம்பி. நான் கேட்டதக் கோத்தன்" என்றார்.

அச்சடிக்க ஆயத்தமாகப் பாரங்களைப் பூட்டி வைத்திருந்த நாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிகாஹ் என்று முடிவாகி, அதற்குச் சில நாட்களே இருந்தன. முதலாளி கடதாசி வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தார். அச்சகம் என் பொறுப்பில் இருந்தது. கடைசிப் புரூப்பை இஸ்மாலெவ்வையின் கையில் கொடுத்து, "தம்பி, இனி இராகம் போட்டுப் படிச்சுப் பாருங்க. சரியெண்டா மெஷினில ஏத்துவம்" என்றேன்.

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படிக்கத் தொடங்கினார். மெஷினை நிறுத்தியிருந்தோம். கடலும் அவருடைய குரலும் மட்டும். அண்ணன் கதவு நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கப்பல் உடைந்தது, குமாரி விழுந்தாள், ஓடக்காரன் சபைக்கு வந்தான். அந்த இடத்தில் இராகம் நொண்டியது. திரும்பவும் எடுத்தார். திரும்பவும் நொண்டியது. படி இறங்கும்போது ஒரு படி இல்லாமற்போனால் கால் எப்படித் தேடுமோ, அப்படி அவருடைய குரல் எதையோ தேடியது.

கைப்பிரதியை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது. புரூப்பைக் கீழே வைத்துவிட்டு, கைப்பிரதியைப் பார்த்தே அந்த வரியைப் பாடினார்.

*க க க கரையில் கண்டேன் காதியாரே
மூ மூ மூ மூச்சிருந்தது காதியாரே*

இராகம் அப்படியே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. ஒரு தடங்கலும் இல்லாமல், அழகாக, அவர் இன்னொருவனுடைய திக்கலைப் பாடினார்.

பிறகு அண்ணனைப் பார்த்தார். "அ... அண்ணன். இது எ... என்ட திக்கல் இல்ல. இது அ... அவன்ட."

அண்ணனுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் தலையில் கைவைத்துக்கொண்டு எழுத்துக் கேஸின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க கஷ்டப்படுறீங்க எண்டு நினைச்சுத்தான் தம்பி நான் எல்லாத்தையும் விட்டு விட்டுக் கோத்தன். உங்கட எது, அவன்ட எது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

மரியாதைக்காகச் செய்தது. அந்த மரியாதையில் ஓடக்காரனுக்குச் சுகம் வந்துவிட்டது. காதியாரின் பொறுமை பைத்தியக்காரத்தனமாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தாய்மாமன் உள்ளே வந்தார். ஆலையின் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில். கெட்டவர் அல்லர். வாய்தான் கொஞ்சம் நீளம். நடந்ததைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டம் சிரித்தார்.

"அப்ப மாப்பிள, நம்மட கலியாணத்துக்கு நம்மளப் பத்தியே கிதாபு அடிக்கிறமா? வாற சனம் வட்டிலாப்பத்த விட்டுட்டு இதத்தான் சாப்பிடும். அண்ணன்ட கையால ஓடக்காரனுக்கு வாய் சுகமாயிட்டு. அல்ஹம்துலில்லாஹ். அப்பிடியே விடுங்க."

"கதை பிழையாப் போகும்" என்றேன்.

"எவன் காக்கா கதையப் பாக்கான்? மானம் பிழையாப் போகக் கூடாது" என்றார், மரியாதைக்கு என்னைக் காக்கா என்று கூப்பிட்டு. பிறகு குரலைத் தணித்து இஸ்மாலெவ்வையிடம் சொன்னார். "நிகாஹிலயும் உங்களுக்குச் சொட்டு வேலையும் இல்ல. ஹாஜியார் மச்சான் மகளத் தந்தன் எண்டு செல்ல, உடனே ஏற்றுக்கொண்டேன் எண்டு செல்லோணும். நடுவுல இடைவெளி உழுந்தா நிகாஹே கூடாமப் போகும். நான் உங்களுக்கு வக்கீலா நிண்டு ஒரே மூச்சில செல்லிடுறன். நீங்க சும்மா குந்தியிருந்தாக் காணும்."

மாப்பிள்ளைக்குப் பதிலாக வக்கீல் நின்று சொல்வது மார்க்கத்தில் உள்ளதுதான். இஸ்மாலெவ்வை கைப்பிரதியைத் துணியில் சுற்றத் தொடங்கினார். அந்தச் சுற்றுகிற வேகத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த மனிதன் இனி அந்த வீட்டில் மருமகனாக இருந்து, பிள்ளை பெற்று, நரைத்துப் போகும்வரைக்கும் அவருடைய சொல்லை யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டேயிருப்பார்.

தம்பிமாரே, அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனை பெரியது ஒன்றுமில்லை. வேலையில் பழகிப்போனதைத்தான் சொன்னேன். "பிரதியில உள்ளபடிதான் அடிப்பம். மாத்துறதெண்டா தந்த ஆள் வந்து செல்லோணும்."

"சரி, வாறார்" என்று மாமா சைக்கிளில் ஏறினார். பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன்னர் ஹாஜியாரோடு திரும்பி வந்தார்.

ஹாஜியார் நல்ல இரக்கமுள்ள மனிதர். ஆனால் மற்றவர் தொடங்கிய பேச்சைத் தான் முடித்து வைக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. நெல் விலை பேசிப் பேசி வந்த பழக்கமாக இருக்கலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மருமகனின் தோளில் கைவைத்தார். "மகன், இது உங்கட கலியாணம். உங்களுக்கு எப்பிடி வேணும், செல்லுங்க."

இஸ்மாலெவ்வை வாயைத் திறந்தார். "வி... வி..."

"விட்டுருவமா? சரி மகன், விட்டுருவம். அதுக்கென்ன." ஹாஜியார் எழும்பினார். மாமா சிரித்தபடி வேட்டியைச் சரிசெய்தார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

ஆலை முதலாளி. எங்கள் அச்சகத்துக்கு வருடம் முழுக்க வேலை தருகிறவர். நானோ மாதச் சம்பளக்காரன். இருந்தும் சொல்லிவிட்டேன்.

"ஹாஜியார், அவர் இன்னம் முடிக்கல்ல."

ஹாஜியார் என்னைப் பார்த்தார், பிறகு மருமகனைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பவும் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

நாங்கள் காத்திருந்தோம். அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வெளியே அலை வந்து வந்து போனது. இஸ்மாலெவ்வையின் உதடு அசைந்தது. நாவின் முடிச்சை அவிழ்க்கச் சொல்லி நபிமார்களில் ஒருவர் கேட்ட துஆவை அவர் ஓதுகிறார் என்று அசைவை வைத்து அறிந்துகொண்டேன்.

"வி... வி... விட வேணாம் மாமா. அ... அவன் அவன்ட வா... வாயாலதான் செல்லோணும். காதியார் கா... காத்திரிக்காரே" என்றார் ஹாஜியாரிடம்.

மருமகன் சொல்லவந்ததற்கு நேர் எதிரானதை அல்லவா ஹாஜியார் முடித்து வைத்துவிட்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அடிங்க, உள்ளபடி" என்றார் என்னிடம். பிறகு, "நிகாஹ் விசயத்த நம்மட பள்ளிவாசல் ஹஸ்ரத்திட்டக் கேப்பம்" என்றார்.

அண்ணன் பாரத்தின் பூட்டை அவிழ்த்தார். அப்போதுதான் வேறொரு கஷ்டம் தெரிந்தது. ஒரு மனிதன் திக்குவதற்கு எவ்வளவு எழுத்து வேண்டும் என்று அதுவரைக்கும் நாங்கள் யோசித்ததில்லை. ஓடக்காரனின் பாட்டுக்களைத் திருப்பிக் கோக்கக் கோக்கக் கேஸில் க தீர்ந்துபோனது. பிறகு த தீர்ந்தது. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்தே காணாதெண்டா அல்லாஹ்வும் வேணாங்கிறான் போல" என்றார். அண்ணன் கையைக் கழுவினார். சட்டையைப் போட்டுக்கொண்டு அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினார். அங்கே ஓர் அச்சகத்தில் அவருக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். பொழுது சாய்ந்து, மஃரிபுக்கு முன்னர் இரண்டு கடதாசிப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார்.

கடன் வாங்கிய எழுத்து எங்கள் எழுத்தைவிடச் சற்றுத் தடித்தது. அச்சானபோது ஓடக்காரன் திக்கிய இடமெல்லாம் மற்ற எழுத்துக்களைவிடக் கறுப்பாக, ஈரமாக நின்றது. நான் அதைப் பிழை என்று குறிக்கவில்லை.

ஹஸ்ரத் சொன்ன பதிலை ஹாஜியார் மறுநாள் வந்து எங்களுக்கும் சொன்னார். "வக்கீல் வெச்சாலும் கூடும். அவரே செல்லினாலும் கூடும். அவர் தொடங்கிட்டா முடியிறவரைக்கும் அது ஒரே பேச்சுத்தான், இடைவெளி இல்ல. எது வேணும் எண்டத அவர்தான் செல்லோணும் எண்டுட்டார்." இதைச் சொன்னபோது இஸ்மாலெவ்வை அங்கே இருந்தார், அச்சான தாள்களை மடித்துக்கொண்டு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அவருக்காகச் சொல்லவும் இல்லை.

நிகாஹுக்கு அண்ணனும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோய்த்துக் காயவைத்த சட்டை, நகக்கண்ணில் மட்டும் போகாத மை. பெண் வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து, மேலே வெள்ளை கட்டியிருந்தது. காற்றில் அந்த வெள்ளைத் துணி பாய்மரம் போலப் புடைத்துப் புடைத்து அடங்கியது. ஒரு மூலையில் கிஸ்ஸாப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. வந்தவர்களில் சிலர் அதைப் புரட்டி, கறுத்த எழுத்துக்களில் விரல் வைத்து, மெதுவாக வாயசைத்துப் பார்த்தார்கள். ஒருவர் சிரிக்கவும் செய்தார். சிரித்தவர் அடுத்த பக்கத்தில் காதியார் குடுவையைத் திருப்புவதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கிஸ்ஸாவின் முடிவில் ஓடக்காரனுக்குச் சுகம் வருவதில்லை. குமாரி உயிரோடு வந்து சாட்சி சொல்கிறாள். அவன் திக்கித் திக்கி ஸலாம் சொல்லிவிட்டுத் தன் ஓடத்துக்குத் திரும்பிப் போகிறான். எந்தப் புலவர் எழுதினாரோ, அல்லாஹ் அவருடைய மண்ணறையான கப்றை விசாலமாக்கட்டும்.

ஹாஜியார் மருமகனுக்கு எதிரே அமர்ந்து அவருடைய வலது கையைப் பிடித்தார். மாமா பக்கத்தில் தயாராக இருந்தார், கூப்பிட்டால் சொல்ல. ஹஸ்ரத் இஸ்மாலெவ்வையைப் பார்த்தார். இஸ்மாலெவ்வை மாமாவின் பக்கம் திரும்பித் தலையை மெல்ல இல்லையென்று அசைத்தார்.

ஹாஜியார் சொல்லவேண்டியதைச் சொன்னார். என் மகளை உங்களுக்கு நிகாஹ் செய்து தந்தேன்.

"ஏ..." என்றார் இஸ்மாலெவ்வை.

அத்தோடு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. "ஏ... ஏ..." பின்வரிசையில் ஒருவர் இருமினார். மாமாவின் உதடு தானாக அசையத் தொடங்கி, அடங்கியது. நான் ஹாஜியாரைப் பார்த்தேன். எந்தப் பேச்சையும் முடித்து வைக்கிற அந்த மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு, மருமகனின் கண்ணையே பார்த்துக்கொண்டு, பிடித்த கையை விடாமல் இருந்தார். வெள்ளைத் துணி ஒருமுறை புடைத்து அடங்கியது. இன்னொருமுறை புடைத்து அடங்கியது.

"ஏ... ஏற்றுக்கொண்டேன்."

அவருடைய வாயால், முழுசாக.

துஆ ஓதி முடிந்து எல்லோரும் ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணன் என் காதருகே குனிந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. ஆனால் கேட்டது வேலைக் கேள்விதான்.

"தம்பி, மாப்பிள இப்ப செல்லினதக் கோத்தா எத்தின ஏ வேணும்?"

"நம்மட கேஸில இரிக்கிறது காணாது அண்ணன்."

"பரவாயில்ல" என்றார் அவர். "அக்கரைப்பத்துக்குக் கடைசி பஸ் இன்னம் போகல்ல."